கணினிக் கேள்வி பதில்: கொடுத்த கை எப்போது விலகலாம்?

ஒரே நேரத்தில் ஓடும் புரோசஸ்கள், அதாவது தனித்தனியாக நடக்கும் கணினி வேலைகள், ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று போன இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த முறை பதில்.

கேள்வி: மேடம், கடைசி வருடப் புராஜெக்ட்டுக்காக நானும் இரண்டு தோழிகளும் ஒரு சின்ன புரோகிராமிங் மொழி செய்திருக்கிறோம். பல புரோசஸ்கள் சேர்ந்து ஓடும், சேனல் வழியாகப் பேசிக்கொள்ளும். இப்போதைக்கு ஒருவர் கொடுக்க, ஒருவர் வாங்கும் சாதாரண சேனல் மட்டும் இருக்கிறது. எங்கள் கைடு, "இது போதாது, பேசிக்கொள்ளப் புது வழிகளைச் சேருங்கள்" என்கிறார். பிராட்காஸ்ட், மெயில்பாக்ஸ், பேரியர், சேனலையே அனுப்புவது என்று பட்டியல் நீளமாகிவிட்டது. எதைச் சேர்ப்பது?
– கல்லூரி மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: மாணவி என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் முப்பது வருடப் பழக்கம்.

பட்டியலை ஓரமாக வை. உன்னிடம் இப்போது இருக்கிற சாதாரண சேனல் என்ன வாக்குக் கொடுக்கிறது என்று ஒரு தாளில் எழுது. 'நான் கொடுத்து முடித்தேன் என்றால் எதிராளி வாங்கிவிட்டார்.' ஒரே வரிதான். ஆனால் உன் மொழியில் எழுதப்படும் ஒவ்வொரு புரோகிராமும் அந்த வரியை நம்பித்தான் அடுத்த அடி வைக்கும். புதிதாக ஒரு வழியைச் சேர்ப்பது பெரிய கஷ்டமில்லை. அந்த வரி உடையாமல் சேர்ப்பதுதான் கஷ்டம்.

இந்த வாக்கை நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஆலப்பாக்கம் ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன். அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். விழுப்புரம் – மாயவரம் ரயில் அப்போது மீட்டர்கேஜ். 2010இல்தான் அகலப் பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஒற்றைப் பாதை என்பதால் பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களில் ஆளுக்கொரு டோக்கன் கருவி, நடுவே கம்பி. அடுத்த ஸ்டேஷன்காரர் தன் கருவியின் கைப்பிடியை 'வண்டி வருகிறது' பக்கம் திருப்பினால்தான் அப்பா தன்னுடையதை 'வண்டி போகிறது' பக்கம் திருப்ப முடியும். அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு இரும்புப் பந்து உருண்டு வரும். அதைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு டிரைவரிடம் நீட்டுவார்கள். பந்து கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். இரண்டு ஸ்டேஷன்காரர்களும் ஒரே நேரத்தில் கருவி முன்னால் நின்றாக வேண்டும். ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான்.

கணினி அறிஞர் டோனி ஹோர் 1978இல் எழுதிய கட்டுரையில் புரோசஸ்களுக்கு வைத்த விதியும் இதேதான். ஆனால் அதில் புரோசஸ்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைத்தன. சேனல் என்று தனியாக ஒன்று இல்லை. 1983இல் இங்கிலாந்தின் இன்மாஸ் நிறுவனத்தில் டேவிட் மே 'ஆக்கம்' மொழியை உருவாக்கியபோது, பெயர் இருந்த இடத்துக்குச் சேனல் வந்தது. (ஆக்கம் என்பது ஒரு பழைய ஆங்கிலத் தத்துவ அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. தமிழில் எழுதும்போது அதற்குக் கிடைக்கிற அர்த்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) ஆச்சரியக்குறி போட்டால் கொடு, கேள்விக்குறி போட்டால் வாங்கு.

அந்த மொழியை நான் கற்றது 1993இல், நான்கு டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் (ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவென்றே இன்மாஸ் செய்த சில்லுகள்) பொருத்திய ஒரு அட்டையில். புனேயில் இருக்கும் அரசு கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் 1991இல் கொண்டுவந்த பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரிலும் டிரான்ஸ்பியூட்டர்கள்தான், டி800 வகை. என் புரோகிராமில் இரண்டு புரோசஸ்கள் மாற்றி மாற்றிக் கணக்கு அனுப்பிக்கொள்ளும். என்ன போகிறது என்று பார்ப்பதற்காக நடுவே மூன்றாவதாக ஒன்றை நுழைத்தேன். இந்தப் பக்கம் வாங்கும், திரையில் காட்டும், அந்தப் பக்கம் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. தேர்வாளர் வருகிற அன்று காலை, இனி இது எதற்கு என்று நடுவில் இருந்ததை எடுத்துவிட்டேன். புரோகிராம் தொடங்கிய இடத்திலேயே நின்றுபோனது. அவர் முன்னால் நாற்பது நிமிடம் விழித்துக்கொண்டு நின்றேன். காரணம் புரிந்தது மறுநாள்தான்.

என் இரண்டு புரோசஸ்களுமே முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் வாங்குவதாக எழுதியிருந்தேன். இரண்டும் கையை நீட்டிக்கொண்டு நிற்கும், வாங்க ஆளில்லை. இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுபோவதைத்தான் டெட்லாக் என்பார்கள். அது முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. நடுவில் நின்றது ஒரு பக்கத்துச் சரக்கைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டதால், கொடுத்த புரோசஸ், சரக்கு 'போய்ச் சேர்ந்துவிட்டது' என்று நம்பி அடுத்த வேலைக்கு நகர்ந்துவிட்டது. சும்மா பார்ப்பதற்கு என்று நான் வைத்த புரோசஸ், சேனலின் வாக்கையே மாற்றிவிட்டது.

இதற்கான மருந்தைப் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். கென்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் வெல்ச், ஃப்ரெட் பார்ன்ஸ் முதலியோர் ஆக்கம் மொழியை விரிவாக்கி 'ஆக்கம்-பை' என்று கொண்டுவந்தார்கள். அதில் ஒரு கேள்விக்குறிக்குப் பதிலாக இரண்டு கேள்விக்குறி போட்டால், வாங்குபவர் சரக்கை வாங்கிக்கொள்வார். ஆனால் கொடுத்தவரை உடனே போக விடமாட்டார். தன் வேலையை முடித்துவிட்டுத்தான் விடுவார். நீட்டித்த சந்திப்பு என்று சொல்லலாம். பதிவுத் தபால்காரரை வாசலில் நிறுத்திவிட்டு, உறையைப் பிரித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுகிற மாதிரி. என் நடு புரோசஸ் இரண்டு கேள்விக்குறியோடு வாங்கி, மறுபக்கம் கொடுத்து முடித்த பிறகு முதல் ஆளை விட்டிருந்தால், நடுவே ஒருவர் நிற்பது இரு பக்கத்துக்கும் தெரிந்திருக்காது. டெட்லாக் முதல் நாளே என் கண்ணில் பட்டிருக்கும்.

உன் பட்டியலில் இது இல்லை. ஆனால் நான் முதலில் சேர்க்கச் சொல்வது இதைத்தான். கொடுப்பவர் எழுதும் வரியில் ஒரு எழுத்துகூட மாறாது. உன் பக்கத்து வேலையும் குறைவு: இப்போது சரக்கைப் பிரதி எடுத்தவுடன் கொடுத்தவரை எழுப்புகிறாய் அல்லவா, அந்த எழுப்புதலை வாங்குபவருடைய வேலை முடியும் இடத்துக்குத் தள்ள வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கவனம். வாங்குபவர் முன்னதாகவே வந்து காத்திருக்க, கொடுப்பவர் பின்னால் வருகிறார் என்று வைத்துக்கொள். சாதாரண சேனலில் அவர் தூங்கவே வேண்டியதில்லை, கொடுத்துவிட்டு நகரலாம். இங்கே அவரையும் தூங்க வைக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

அடுத்தது அந்த இரும்புப் பந்து. டிரைவரிடம் கொடுத்தபின் அப்பா கையில் பந்து கிடையாது. ஆனால் கூகுளின் கோ மொழியில் ஒரு பாயிண்டரை, அதாவது நினைவகத்தில் சரக்கு இருக்கும் இடத்தின் முகவரியை, சேனலில் அனுப்பினால், அனுப்பியவரிடமும் அது இருக்கும். இரண்டு பேரும் ஒரே நினைவகத்தில் எழுதலாம். ஒரே பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி. ஆக்கம்-பையில் 'மொபைல்' என்று அறிவித்த சரக்கை அனுப்பியபின், அனுப்பியவர் அதைத் தொட்டால் கம்பைலர் விடாது. ரஸ்ட் மொழியும் சேனலில் அனுப்பியதன் உரிமையைக் கைமாற்றிவிடுகிறது. நீ மொழியையே புதிதாகச் செய்வதால், இதை இப்போதே செய்துவிடு. பிறகு சேர்க்க நினைத்தால் ஏற்கெனவே எழுதிய புரோகிராம்களில் பாதி உடையும்.

சேனலையே சேனலில் அனுப்புவது ஆழமான விஷயம். ஆக்கம்-பையில் வரும் 'பை', கணினி அறிஞர் ராபின் மில்னரும் இன்னும் இருவரும் 1992இல் வெளியிட்ட பை-கால்குலஸ் என்ற கணித முறையிலிருந்து வந்தது. மில்னர் கொடுக்கும் உதாரணம் காரில் இருக்கும் போன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் பேசிக்கொண்டே போகிறாய். ரெட்டிச்சாவடி தாண்டும்போது பழைய டவர், 'இனி இந்த வழியில் பேசு' என்று அடுத்த டவருக்கான தொடர்பை உன் போனுக்குக் கொடுத்துவிட்டு விலகும். அந்தத் தொடர்பே ஒரு செய்தியாகப் போகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு சேனலின் இரண்டு முனைகளும் யாரிடம் இருக்கின்றன என்பதைப் புரோகிராமைப் படித்தே சொல்ல முடிந்தது. இனி ஓடும்போதுதான் தெரியும். ஆறு மாதப் புராஜெக்ட்டுக்கு இது அதிகம்.

எல்லோரும் வந்து சேரும்வரை யாரும் நகராத பேரியர் சுலபம். திருப்பாதிரிப்புலியூரில் வைகாசித் தேர் இழுக்கும்போது எல்லோரும் வடத்தைப் பிடித்த பிறகுதானே தேர் நகரும்? நடுவில் ஒருவர் வடத்தை விட்டுவிட்டுப் போனால் எண்ணிக்கையைக் குறைக்க ஒரு கட்டளை வேண்டும், அதை மறக்காதே. ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட்டை இப்போது தொடாதே. எல்லோரும் வாங்கும்வரை அனுப்பியவர் நிற்க வேண்டுமா, ஒருவர் மெதுவாக இருந்தால் என்ன என்பதற்கு நீங்கள் மூவரும் ஒரே பதில் சொல்லும் நாளில் சேர்க்கலாம்.

கேள்வி: கோ மொழியில் எழுதிய எங்கள் புரோகிராம் அடிக்கடி நின்றுபோனது. சேனலுக்கு 100 செய்திகள் காத்திருக்கும் அளவில் பஃபர் கொடுத்தேன், சரியாகிவிட்டது. ஆனால் ஏன் சரியானது என்று தெரியவில்லை. இது சரியான தீர்வுதானா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: மேலே நான் எழுதிய 1993 கதையைப் படித்தீர்கள் என்றால் பதில் தெரிந்திருக்கும். உங்கள் 100 இடங்களும் என் நடு புரோசஸ் செய்த வேலையைத்தான் செய்கின்றன, நூறு மடங்கு. 101ஆவது செய்தி வருகிற நாளில் மறுபடி நிற்கும். அது சோதனை செய்யும் நாளாக இருக்காது, கூட்டம் அதிகமான நாளாகத்தான் இருக்கும்.

பஃபர் கெட்டது என்று சொல்லவில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். லாரிகள் அந்த வேகத்தில் வராது. இடையில் ஐஸ் பெட்டிகள் தாங்கிக்கொள்கின்றன. வரத்தும் போக்கும் நாள் முடிவில் சமமாகும் என்றால் பெட்டி உதவும். ஒருவருக்காக ஒருவர் காத்து இருவருமே நிற்கிற சிக்கலுக்கு எத்தனை பெட்டி வைத்தாலும் உதவாது.

ஒன்று செய்யுங்கள். எல்லாச் சேனல்களின் அளவையும் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, யார் முதலில் கொடுப்பது, யார் முதலில் வாங்குவது என்பதைத் திருத்துங்கள். பூஜ்யத்திலேயே சரியாக ஓடிய பிறகு, வேகத்துக்காக அளவைக் கூட்டுங்கள். இதற்கு நான் ஒரு விலக்குத் தருவேன்: ஒரே ஒரு விடையைத் தரும் கோரூட்டீன் (கோ மொழியில் புரோசஸுக்கு அதுதான் பெயர்), அந்த விடைக்குக் காத்திருப்பவர் நேரமாகிவிட்டது என்று போய்விடக்கூடும் என்ற நிலை. அங்கே 1 என்ற அளவு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் விடையைக் கையில் வைத்துக்கொண்டு அது காலம் முழுக்க நிற்கும்.

இன்னொன்று. எல்லாக் கோரூட்டீன்களும் தூங்குகின்றன, டெட்லாக் என்று கோ தானாகவே சொல்லுமே என்று இருந்துவிடாதீர்கள். எல்லாமே தூங்கினால்தான் சொல்லும். வேறு எங்கோ ஒன்று விழித்திருந்தாலும், மற்றவை மாட்டிக்கொண்டு நிற்பதை அது சொல்லாது.

கேள்வி: செமஃபோர் பழைய காலத்து விஷயம் என்கிறார்களே, இன்னும் படிக்க வேண்டுமா?
– வாசகர், பாகூர்

பதில்: படியுங்கள். புரோசஸ்கள் ஒன்றையொன்று இடிக்காமல் முறைவைத்துப் போகச் செய்யும் ஒரு பூட்டுதான் செமஃபோர். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960களில் ரயில்வேயின் கைகாட்டியிலிருந்து எடுத்த பெயர் அது. கைகாட்டி 'போகலாம், நில்' என்று மட்டும் சொல்லும், சரக்கு எதையும் கொடுக்காது. நீங்கள் எழுதும் சேனல்களுக்கு அடியில், மொழியின் ரன்டைமுக்குள் (புரோகிராமை ஓட்டிச் செல்லும் அடிப்படைப் பகுதிக்குள்), இதே வகைப் பூட்டுகள்தான் வேலை செய்கின்றன.

கேள்வி: எர்லாங் மொழியில் சேனலே கிடையாது, மெயில்பாக்ஸ்தான் என்கிறார்கள். அதில் அனுப்புபவர் காத்திருப்பதே இல்லையாம். அப்படியானால் உங்கள் 'வாக்கு' அங்கே என்ன ஆகிறது?
– வாசகி, சிதம்பரம்

பதில்: நல்ல கேள்வி அம்மா. அங்கே வாக்கே வேறு. எரிக்சன் நிறுவனத்தில் 1986 வாக்கில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூவரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக அதைத் தொடங்கினார்கள். எக்ஸ்சேஞ்சில் ஒரு பகுதி கெட்டுப்போனால், அதற்காக மற்றவை காத்து நிற்கக் கூடாது. ஆகவே அனுப்புபவர் பெட்டியில் போட்டுவிட்டு நடப்பார். எதிராளி வாங்கினாரா என்பதற்கு எர்லாங் பொறுப்பில்லை. ஒருவர் இன்னொருவருக்கு இரண்டு செய்திகள் அனுப்பி, இரண்டும் போய்ச் சேர்ந்தால், அனுப்பிய வரிசையிலேயே சேரும், இது மட்டும் உறுதி. வாங்கிவிட்டேன் என்று தெரிய வேண்டுமானால், பதில் செய்தி ஒன்றை நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

விலை, பெட்டிக்கு எல்லை இல்லாததுதான். வாங்குபவர் மெதுவானால் கடிதங்கள் குவியும். எர்லாங்கில் வேண்டிய செய்தியை மட்டும் பொறுக்கி எடுக்கலாம்; ஆனால் அதற்குப் பெட்டியின் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும். குவியல் பெரிதாகப் பெரிதாகத் தேடுவது மெதுவாகும், மெதுவாக ஆக இன்னும் குவியும்.

ஆனால் எர்லாங் ஒரு வழியைச் சேர்த்தது. அதற்காக அந்த மொழியை நான் மிகவும் மதிக்கிறேன். 'லிங்க்' என்று இரண்டு புரோசஸ்களை இணைத்து வைக்கலாம். ஒன்று செத்துவிட்டால் மற்றதற்குச் செய்தி தானாகப் போகும். எங்கள் வீட்டில் பாட்டி ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் அதில் இருந்தது, உறவுமுறை வாரியாக. செத்தவர் தானே எழுந்து வந்து சொல்ல முடியாது. சொல்லும் ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும். சாதாரண சேனலில் எதிராளி செத்துவிட்டால், கொடுக்க வந்தவர் கையை நீட்டியபடி நின்றுகொண்டே இருப்பார். ஹோர் வழியில் வந்த மொழிகளை நேசிக்கிற நானே இதை அவற்றின் பெரிய குறையாகச் சொல்வேன். நெல்லிக்குப்பம் மாணவி இதையும் படித்துக்கொண்டிருந்தால்: உன் மொழியில் மூன்றாவதாகச் சேர்க்க வேண்டியது இது.

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். சேனல் என்பதற்கு 'வாய்க்கால்' என்று சொல்லலாமா? பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?
– பள்ளி ஆசிரியர், பண்ருட்டி

பதில்: வாய்க்கால் அழகான சொல், ஆனால் வேண்டாம் சார். வாய்க்காலில் கடைமடையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் வந்துகொண்டேயிருக்கும். மெயில்பாக்ஸுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். நாம் பேசும் சேனலில் வாங்குபவர் வராமல் ஒரு சொட்டும் நகராது. 'கைமாற்று' என்று வைக்கலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். அது கடன் வாங்குவதில் போய் முடிகிறது. சேனல் என்றே சொல்லிக்கொடுங்கள். விஷயம் புரிந்தால் அவர்களே ஒரு நல்ல சொல்லைக் கண்டுபிடிப்பார்கள்.

வகுப்பில் பத்துப் பிள்ளைகளை வட்டமாக நிற்க வையுங்கள். ஒவ்வொருவர் வலது கையிலும் ஒரு பந்து, இடது கை காலி. வலப்பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், இடப்பக்கத்துப் பிள்ளையிடமிருந்து வாங்க வேண்டும். விதி: தன் பந்தைக் கொடுத்து முடிக்காமல் யாரும் வாங்கக் கூடாது, எதிராளி பிடிக்காமல் பந்தை விடவும் கூடாது. 'ஆரம்பி' என்று சொன்னால் பத்துப் பேரும் வலது கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், எதுவும் நகராது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும். ஏன் நிற்கிறோம் என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும். அப்புறம் ஒரே ஒரு பிள்ளையின் காதில் மட்டும், 'நீ மட்டும் முதலில் வாங்கு, பிறகு கொடு' என்று சொல்லிவிட்டு வட்டத்தைப் பாருங்கள்.